எஞ்சினை நிறுத்தும் கப்பல்

காசிமேடு மீன் துறைமுகத்தில் வரலட்சுமியிடம் போய், "அந்தப் பக்கமா, கொஞ்சம் வடக்கால" என்று இடம் சொன்ன படகு டிரைவர் எவரும் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் திரும்பியதில்லை. விசைப்படகுகளுக்கு ஜி.பி.எஸ். பெட்டி விற்று, பழுதும் பார்த்துத் தருகிற கடையில் அவளுக்கு இருபது வருட வேலை. மீன் அள்ளும் இடம், வலையைக் கிழிக்கும் பாறை, மூழ்கிக் கிடக்கும் பழைய சரக்குத் தோணி என்று டிரைவர்கள் வந்து எண் சொல்வார்கள். அவள் அதைப் பெட்டியில் ஏற்றி, ஒரு பெயர் வைத்து, தன் நோட்டிலும் எழுதிக்கொள்வாள். "பதிமூணு பத்து, எண்பது இருபத்தி ரெண்டு" என்றால் வடக்கே பதிமூன்று டிகிரி பத்து நிமிடம், கிழக்கே எண்பது டிகிரி இருபத்திரண்டு நிமிடம். துறைமுகத்தில் கடலைச் சொல்ல அந்த ஒரு வழிதான் உண்டு. ஒரு நிமிடம் பிசகினால் படகு ஒரு மைல் தள்ளிப் போய் நிற்கும். டீசலும் போகும், சமயத்தில் வலையும் போகும். அதனால் அவள் வாய்க்குப் பயந்தவர்களும் அவளிடம்தான் வந்தார்கள்.

யாராவது அவசரத்தில் அறுபதைத் தாண்டி எண் சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். "அறுபத்தி ரெண்டு நிமிஷம் எந்த கடியாரத்துலய்யா கீது?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்பாள். நாற்பது வயது டிரைவர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிகளுக்கும் அரித்துக்கொண்டு வரும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிப்போன ஒரு குப்பம் அவளுடைய ஊர். பத்தாவது முடித்தாள். அதே குப்பத்தில் தேசப்பனைக் கட்டினாள். கல்யாணமான புதிதில் அவன் ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தான். ரேகா பிறந்து நான்கு வருடத்தில் கப்பலுக்குப் போய்விட்டான். அலாஸ்காவுக்குப் பனி பார்க்கப் போகும் வெள்ளைக்காரர்களை ஏற்றிச்செல்லும் பெரிய உல்லாசக் கப்பல் அது. கயிறு இழுப்பது, துரு சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது அவன் வேலை. எட்டு மாதம் கப்பல், இரண்டு மாதம் வீடு.

இரண்டாயிரத்து ஒன்பது ஜூன் மாதம் ஒரு காலையில் வேலைக்கு ஆள் எண்ணியபோது தேசப்பன் இல்லை. இரண்டு நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. கம்பெனியிலிருந்து இரண்டு தாளில் ஆங்கிலக் கடிதம் வந்தது. முதல் தாளின் நடுவில் இடம் குறித்திருந்தார்கள்: வடக்கு 58.59. அதன் பக்கத்தில் மேற்குக்கு ஓர் எண். அந்தத் தாளில் அவளுக்கு உடனே புரிந்தது அது மட்டும்தான். ஐம்பத்தெட்டு டிகிரி, ஐம்பத்தொன்பது நிமிடம். கடை முதலாளி எங்கிருந்தோ ஒரு கடல் வரைபடம் வரவழைத்துக் கொடுத்தார். அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தாள். நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து போகும் ஒரு விரிகுடாவின் கடைக்கோடியில், கடல்வரை இறங்கி நிற்கும் பனிச்சுவருக்கு நேர் எதிரே கோடுகள் வெட்டிக்கொண்டன. இரண்டாம் தாளை முதலாளி மேலோட்டமாகப் படித்து, எங்கெங்கே தேடினோம், எப்போது நிறுத்தினோம் என்று எழுதியிருக்கிறது என்றார். நிறுத்தினோம் என்ற சொல் போதுமானதாக இருந்தது. அந்தத் தாளை நான்காக மடித்து உறைக்குள் போட்டவள், அப்புறம் அதைப் பிரிக்கவே இல்லை.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் போனவன் உடல் திரும்பாவிட்டால், அவன் போன இடத்துக்கே வீட்டார் படகில் போவார்கள். அங்கே எஞ்சினை நிறுத்துவார்கள். ஓடுகிற எஞ்சின் சத்தத்தில் தண்ணீருக்குள் இருப்பவனுக்குக் காது கேட்காது என்பார்கள். பெண்டாட்டி ஒரு சொம்பு நல்ல தண்ணீரைக் கடலில் ஊற்றி அவனைக் கூப்பிடுவாள். உப்புத் தண்ணீர் குடித்துச் செத்தவனுக்கு நல்ல தண்ணீர் கொடுக்காமல் அனுப்பக்கூடாது. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று பிளாஸ்டிக் குடத்தோடு பாதி வாழ்க்கையை ரோட்டிலேயே கழிக்கிற ஊருக்கு அதன் அருமை தெரியும். அது நடக்கும்வரை அவன் செத்தவனும் இல்லை, அவள் தாலியைக் கழற்றுவதும் இல்லை.

தேசப்பன் போன இடம் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது. நம் கடலும் அந்தக் கடலும் ஒன்றுதானே, இங்கேயே ஊற்றிவிடலாம் என்று பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். வரலட்சுமி ஒப்பவில்லை. தேசப்பனின் தம்பி டில்லிபாபு விசைப்படகு டிரைவர். அவன் தன் பெட்டியில் அந்த எண்ணை ஏற்றித் தரச் சொன்னான். அவளே ஏற்றி, 'அண்ணன்' என்று பெயர் வைத்துக் கொடுத்தாள். வருடாவருடம் ஜூன் மாதம் மீன்பிடித் தடை முடிந்து வேலை தொடங்கும் முதல் நாள், பெட்டி காட்டும் திசையில் படகைத் திருப்பி நிறுத்திவிட்டு அவன் கும்பிடுவான். தண்ணீர் மட்டும் ஊற்ற மாட்டான். அது அண்ணி செய்ய வேண்டியது.

பதினைந்து வருடம் அவள் அழுது புலம்பிக்கொண்டு திரியவில்லை. மகளைப் படிக்க வைத்தாள், டிரைவர்களைத் திட்டினாள், பொட்டு வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தவர்களும் உண்டு. ஒரே ஒரு நினைப்பு அவளைத் தாங்கிப் பிடித்திருந்தது. மீன் துறைமுகத்தில் வளர்ந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய நினைப்பு அது. ஐஸில் வைத்தது கெடாது. அவன் ஐஸுக்குப் பக்கத்தில் இருக்கிறான். போனபோது எப்படி இருந்தானோ அப்படியே இருப்பான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அசட்டுத்தனமாகத் தெரியும் என்று அவளுக்கே தெரியும். ஆனால் படகுகள் கட்டும் வார்ப்பில் ஐஸ் உடைக்கும் மெஷினைக் கடந்து போகும்போது அவள் நடை தானாகவே மெதுவாகும்.

ரேகா படித்து முடித்து, பாரிமுனையில் சரக்குக் கப்பல்களுக்குப் பத்திரம் தயாரிக்கும் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாம் வருடம் ஒருநாள், அலாஸ்கா பனிமலைச் சுற்றுலா என்று ஃபோனில் வந்த விளம்பரத்தை அம்மாவிடம் நீட்டினாள். அப்பாவுக்காக நஷ்டஈடாக வந்து வங்கியில் தொடாமல் கிடந்த பணத்தை இதற்கு எடுக்கலாம் என்றாள். வரலட்சுமி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டாள்.

ராயபுரத்தில் வால்டர் என்பவர் கப்பல் பயணங்களுக்கு டிக்கெட் போட்டுத் தருகிறார். பொறுமையான மனிதர். மேசையில் மூன்று கம்பெனிகளின் படப் புத்தகங்களைப் பரப்பினார். முதலாவது மூவாயிரம் பேர் போகும் கப்பல். நீச்சல் குளமும் நாடக அரங்கும் உண்டு, ஆனால் அந்த விரிகுடாவுக்குள் போகாது, வேறொரு இடத்தில் பனியைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். இரண்டாவது வான்கூவரில் கிளம்பும் கப்பல். விரிகுடாவின் கடைசிவரை போய்ப் பனிச்சுவருக்கு எதிரே ஒரு மணி நேரம் நிற்கும். மூன்றாவது எழுபது பேர் மட்டும் போகிற சின்னக் கப்பல். ஆடம்பரம் எதுவும் கிடையாது, பறவையையும் கடல்சிங்கத்தையும் பார்த்துக்கொண்டு தீவு தீவாக ஊர்ந்து போகும், பனிச்சுவர்வரை போகாது. பால்கனி அறை, எந்தப் பக்க ஜன்னல், எந்த மாதத்தில் மழை குறைவு என்று அவர் சொல்லிக்கொண்டே போக, ரேகா குறிப்பெடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த வரலட்சுமி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நிக்கும்னு சொன்னீங்களே சார், எஞ்சினை நிறுத்துவானா?"

இருபத்தைந்து வருடத் தொழிலில் அப்படி ஒரு கேள்வியை வால்டர் கேட்டதில்லை. காரணத்தை ரேகா சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். நான்கு நாளில் பதில் வந்தது. இரண்டாவது கப்பல் பனிச்சுவருக்கு முன்னால் எஞ்சினை அடியோடு நிறுத்துமாம். பனி உடைந்து விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக. யாரோ தனக்காகவே அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்ததுபோல் இருந்தது வரலட்சுமிக்கு. இரண்டாவது கப்பல் என்று முடிவாயிற்று. முன்பணம் கட்ட ஒரு வாரம் இருந்தது.

அந்த வாரத்தில்தான் ரேகா ஆசைப்பட்டு, அப்பா இருக்கும் இடத்தை ஃபோன் வரைபடத்தில் பார்க்கலாம் என்று கடிதத்தில் இருந்த எண்களை அப்படியே தட்டினாள். ஐம்பத்தெட்டு, புள்ளி, ஐம்பத்தொன்பது. சிவப்புக் குறி பனிக்குப் பக்கத்தில் போய் விழவில்லை. விரிகுடாவின் வாய்ப்பக்கம், வெறும் நீலத்தில் விழுந்தது.

"யம்மா, இது வேற எடம் காட்டுதுமா. ஐஸ்லேருந்து ரொம்ப தூரத்துல கீது."

"ஃபோனுக்கு இன்னா தெரியும் கடலப் பத்தி? ரோட்டக் கேளு, சொல்லும்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை உறையோடு கடைக்குப் போனாள். முதலாளி வருவதற்கு முன் பழைய வரைபடத்தை மேசையில் விரித்தாள். கோடு சரியாகத்தான் இருந்தது. அப்புறம் பதினைந்து வருடமாக மடிந்து கிடந்த இரண்டாம் தாளை எடுத்தாள். மடிப்புகளில் தாள் மஞ்சளடித்துப் போயிருந்தது. தேடிய பரப்பின் நான்கு மூலைகளுக்கும் எண் கொடுத்திருந்தார்கள். 58.56. அதன் கீழே 58.62.

அறுபத்திரண்டு.

எந்தக் கடிகாரத்திலும் இல்லாத நிமிடம். அப்படியானால் புள்ளிக்குப் பின்னால் இருந்தது நிமிடமே இல்லை. கம்பெனிக்காரர்கள் ஒரு டிகிரியை நூறாகப் பிரித்து எழுதியிருந்தார்கள். அவள் அதைக் காசிமேட்டு வழக்கப்படி படித்திருந்தாள். காகிதத்தை எடுத்துப் பெருக்கிப் பார்த்தாள். 58 டிகிரி 35.4 நிமிடம். மேற்கு எண் அவ்வளவாக மாறவில்லை. அவள் நினைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு இருபத்துநாலு மைல் தெற்கே.

இருநூறு படகுகள் அவளுடைய எண்ணை நம்பிக் கடலுக்குப் போகின்றன. ஒருவனையும் அவள் தவறான இடத்துக்கு அனுப்பியதில்லை. தன் புருஷனை மட்டும் பதினைந்து வருடம் தவறான இடத்தில் வைத்திருந்திருக்கிறாள். அங்கே ஐஸ் இல்லை. சாதாரணக் கடல், கப்பல்கள் போய் வரும் பாதை. அவள் மனதில் கெடாமல் இருந்தவன் அன்று காலையில்தான் செத்தான். கடையின் இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். கணவனை நினைத்து அழுதாளா, தன் தப்பை நினைத்து அழுதாளா என்று பிரித்துச் சொல்ல அவளாலேயே முடியாது.

டில்லிபாபுவிடம் சொல்வதற்குத்தான் அவளுக்கு அதிக வெட்கமாக இருந்தது. வார்ப்பில் படகுக்குப் போய், பெட்டியில் எண்ணை மாற்ற வேண்டும் என்றாள், காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். அவன் வலையைக் கீழே போட்டுவிட்டு வந்தான். அவள் பழையதை அழித்துப் புதியதை ஏற்றும்வரை பக்கத்திலேயே நின்றான்.

"இங்கேருந்து பாத்தா ரெண்டும் ஒரே தெசதான் அண்ணி. நான் ஒண்ணும் தப்பான பக்கம் பாத்துக் கும்புடல" என்றான். அந்த ஒரு பேச்சுக்காக அவனுக்கு எத்தனை வருடம் வேண்டுமானாலும் பெட்டி பழுது பார்த்துக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

வால்டர் மறுபடியும் கம்பெனிகளுக்கு எழுதினார். இரண்டாவது கப்பலின் பதில் மரியாதையாக இருந்தது. குறிப்பிட்ட இடத்தைத் தங்கள் கப்பல் காலை ஆறு மணிக்கு முழு வேகத்தில் கடக்கும், கால அட்டவணை காரணமாக நிறுத்த இயலாது, வருந்துகிறோம். சின்னக் கப்பலின் கேப்டன் ஒரு பெண். அவரே நேரடியாக எழுதியிருந்தார். எங்கள் பாதை அந்த இடத்துக்குப் பக்கத்துத் தீவுகளை ஒட்டித்தான் போகிறது, அன்று காற்று சம்மதித்தால் பத்து நிமிடம் எஞ்சினை நிறுத்துகிறேன், அது தேசியப் பூங்கா என்பதால் பூ எதையும் போடக்கூடாது, குடிநீர் ஊற்றத் தடையில்லை, இடத்தின் எண்ணை மட்டும் சரிபார்த்து அனுப்புங்கள் என்று. கடைசி வரி தன்னைப் பார்த்தே எழுதியதுபோல் வரலட்சுமிக்குச் சுருக்கென்றது.

பெரிய கப்பலில் பனி இருந்தது, எஞ்சின் நிற்பதும் இருந்தது, தேசப்பன் இல்லை. சின்னக் கப்பலில் பனியே இல்லை. ரேகாவுக்கு ஏமாற்றம். ஒன்பது வயதிலிருந்து அவளும் அந்த வெள்ளைச் சுவரைத்தான் அப்பாவாக நினைத்து வளர்ந்தவள். வால்டர் முன்னாலேயே அம்மாவிடம் வாதாடினாள்.

"எல்லாம் ஒரே தண்ணிதானேமா. ஐஸ் முன்னாடி எஞ்சினை ஆஃப் பண்றான்ல, அங்கியே ஊத்திடலாம். நீயும் இத்தினி வருசம் நெனச்சத பாத்த மாதிரி இருக்கும். அந்த எடத்துல இன்னாமா கீது? வெறும் தண்ணி."

"பதினஞ்சு வருசமா வேற எங்கியோ பாத்து அழுதுகினு இருந்தேன்டி" என்றாள் வரலட்சுமி. "எடம் தெரிஞ்சப்புறமும் அதியே செய்யச் சொல்றியா?"

வால்டர் மூன்றாவது புத்தகத்தை முன்னால் இழுத்து, பயணிகள் பெயரை எழுத ஆரம்பித்தார்.

அடுத்த ஆண்டு ஜூன் இரண்டாம் வாரம் போனார்கள். விசாவுக்கு நடந்த நடையையும், விமானத்தில் அவள் சாப்பிடாமல் வந்ததையும் இங்கே சொல்லப்போவதில்லை. குப்பத்துக்கு லாரியில் வந்த தண்ணீரை இரண்டு லிட்டர் பாட்டிலில் அடைத்துப் பயணப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். எவர்சில்வர் சொம்பு ஒன்று. கடையிலிருந்து கையடக்க ஜி.பி.எஸ். ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். மற்றவர்களுடைய பெட்டியை அவள் நம்புவதாக இல்லை.

நான்காம் நாள் காலை. மேகம் தாழ்ந்து கிடந்தது, காற்று இல்லை. கப்பல் மெதுவானது. பயணிகளிடம் கேப்டன் முன்பே சொல்லி வைத்திருந்தார் போலும். எல்லோரும் மேல்தளத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள், கீழ்த்தளத்தின் பின்பக்கத்தை அம்மாவுக்கும் மகளுக்கும் விட்டுவிட்டார்கள். வரலட்சுமியின் கண் கையிலிருந்த ஜி.பி.எஸ். பெட்டியை விட்டு நகரவில்லை. 35.2. 35.3. 35.4. அந்தக் கணத்தில் கேப்டன் எஞ்சினை நிறுத்தினார். துல்லியமான பெண்தான் அவர். காலடியில் நான்கு நாளாக இருந்த அதிர்வு அடங்கியது. எங்கோ ஒரு பறவை கத்தியது துலக்கமாகக் கேட்டது.

ரேகா பாட்டிலைத் திறந்து சொம்பில் ஊற்றினாள். வரலட்சுமி சொம்பை வாங்கிக்கொண்டு, கடைசியாக ஒருமுறை பெட்டியைப் பார்த்தாள். 35.5. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி எண் புரண்டு ஆறானது. எஞ்சின் நின்ற கப்பலை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. ரேகாவும் அதைப் பார்த்துவிட்டாள். படியேறிப் போய்க் கேப்டனிடம் ஏதோ பேசிவிட்டு ஓடிவந்தாள். மறுபடி எஞ்சினைப் போட்டுச் சரியான இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தட்டுமா என்று கேப்டன் கேட்கிறார் என்றாள்.

கடலில் விழுந்த மரக்கட்டை ஒரு மணி நேரத்தில் எங்கே போய்ச் சேரும் என்று டிரைவர்களுக்குக் கணக்குச் சொல்பவள் வரலட்சுமி. கம்பெனிக்காரர்கள் எழுதிய எண், அவன் இல்லை என்று தெரிந்தபோது கப்பல் இருந்த இடம். அதற்கு முன் எவ்வளவு நேரம் அவன் தண்ணீரில் கிடந்தானோ, எங்கே போனானோ. அந்த எண்ணில் அவன் ஒரு நிமிடம்கூட இருந்திருக்க மாட்டான். இதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. தன் வீட்டுக் காரியத்தில் மட்டும் தெரிந்துகொள்ளாமல் இருந்தாள்.

"வாணாம்" என்றாள். "எஞ்சினைப் போட வாணாம்னு சொல்லு."

பெட்டியை அணைத்து ரேகாவிடம் கொடுத்தாள். கம்பிக்கு வெளியே சாய்ந்து, கப்பல் போகிற போக்கிலேயே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். சொம்பு காலியாகும்போதெல்லாம் மகள் நிரப்பிக் கொடுத்தாள்.

"யோவ், நான் வந்துகீறேன்யா" என்றாள் வரலட்சுமி. "நம்ம ஊர்த் தண்ணி. குடி."

இரண்டு லிட்டரும் தீர்ந்தபோது கப்பல் அந்த இடத்திலிருந்து அரை மைல் தள்ளி வந்திருந்தது.